கறுப்பு முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

தன்னுடைய கலியாணத்துக்குப் படம் எடுக்க வேறு ஆளைப் பார்த்துவிட்டதாக மகள் சொன்னபோது நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். என் கோபம் எனக்குத் தெரியும்.

"என்னடி சொல்லுறாய்? ஊருலகத்துக்கெல்லாம் நான் எடுக்கிறன். என்ர பிள்ளைக்கு வேற ஆளோ?"

சும்மா சொல்லவில்லை. செவன் கிங்ஸில் இருந்து விம்பிள்டன் வரைக்கும் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேரின் தாலிகட்டு என் கமராவுக்குள்ளால்தான் போயிருக்கிறது. பாரிஸை விட்டு லண்டனுக்கு வந்த புதிதில், கணவரின் பழைய கமராவோடு பிளேஸ்டோவில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனேன். அப்படித் தொடங்கியது பதினெட்டு வருடமாகிவிட்டது. என் பெயர் தெரியாதவர்களுக்கும் 'கமரா அக்கா' என்றால் தெரியும். அப்படிப்பட்டவளின் மகளுக்கு வேறு படக்காரர் என்றால் சனம் வாயால் சிரிக்குமா?

மகள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"கோவிக்காதேங்கோ அம்மா. நீங்கள் எடுத்தா என்னை வெள்ளையாக்கிப் போடுவீங்கள்."

"ஆரடி வெள்ளையாக்கினது?"

"ஹோலில மாட்டி வைச்சிருக்கிறீங்களே ஒரு படம். அது ஆர் எண்டே எனக்குத் தெரியேல்லை."

அந்தப் படம் அவள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில் எடுத்தது. பன்னிரண்டு வயது. சிவப்புச் சேலை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ, தங்க நிறச் சட்டம். வீட்டுக்கு வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்ற முதலே அதைத்தான் பார்ப்பார்கள்.

"பாக்கிற சனமெல்லாம் வடிவு எண்டுதானே சொல்லுது!"

"ஓம். அந்தப் பிள்ளை வடிவுதான்." தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அவள் சொன்னதை விளங்கிக்கொள்ள எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கம் தெரியவேண்டும். எந்தக் கலியாண வீட்டிலும் பொம்பிளை உடுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு தாயோ மாமியோ என்னைக் கையில் பிடித்து ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். குரல் தணியும். "அக்கா, பிள்ளை கொஞ்சம் பொது நிறம். பாத்து, பிரைட்டா எடுத்து விடுங்கோ." நானும், "ஓம் ஓம், யோசிக்காதேங்கோ" என்பேன். அது பேரம் இல்லை, ரகசியமும் இல்லை. ஆலத்தி எடுப்பது போல அதுவும் ஒரு சடங்கு. வீட்டுக்கு வந்து கமராக் கார்டைக் கம்பியூட்டரில் செருகினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். முகங்களைத் தேடிப் பிடித்து, நிழலைத் தூக்கி, தோலை மினுக்கி, இரண்டு சுற்று வெளுப்பாக்கும்படி ஒரு கட்டளையைச் செய்து வைத்திருந்தேன். அதற்கு 'கலியாண முகம்' என்று பெயரும் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அமத்தத் தேவையில்லை. படம் உள்ளே வரும்போதே தானாக நடந்துவிடும்.

நானும் மகளும் இரண்டு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. பிறகு என் பிறந்தநாள் வந்தது. ஒரு கடித உறையை நீட்டினாள். உள்ளே மிருகக்காட்சிச்சாலைக்கு ஒரு வருடம் எத்தனை தரமும் போய்வரலாம் என்ற அட்டை.

"எனக்கென்ன சின்னப்பிள்ளையே?"

"சனி ஞாயிறு கலியாண வீட்டில நிக்கிறீங்கள். மற்ற நாளில வீட்டில இருந்து என்னோட சண்டை பிடிக்கிறீங்கள். போய் வேற ஏதாவது மூஞ்சியைப் பாருங்கோ."

வீம்புக்குத்தான் போனேன். நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை. வானம் இட்டலிச் சட்டியை மூடினது போல இருந்தது. ஒட்டகச்சிவிங்கி உள்ளே படுத்துவிட்டது, சிங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. திரும்பிப் போகலாம் என்று நடக்கும்போது குருவிக் கூட்டம் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் மரத்தில் ஒரு குருவியும் இல்லை. சத்தம் வந்தது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த நாய்களிடமிருந்து.

நாயா அது! முதலில் கழுதைப்புலி என்று நினைத்தேன். ஆபிரிக்கக் காட்டு நாய் என்று பலகையில் எழுதியிருந்தது. ஒல்லிக் கால்கள். இரண்டு அகப்பையைத் தலையில் குத்தி வைத்தது போலக் காதுகள். உடம்பில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் யாரோ அவசரத்தில் ஊற்றிவிட்டுப் போன மாதிரி. வாலின் நுனி மட்டும் வெள்ளை. முகமோ மூக்கிலிருந்து கன்னம் வரைக்கும் நல்ல கறுப்பு. ஐந்து பேர். ஐந்தும் ஒரே தாய் வயிற்றுச் சகோதரங்கள் என்று பலகை சொன்னது. வாயைத் திறந்தால் குரைக்கவில்லை, கீச்சிட்டுக் கதைத்தன. நின்ற இடத்திலேயே அரை மணித்தியாலம் நின்றுவிட்டேன்.

பிறகு தொழில் புத்தி வந்தது. கமராவை எடுத்தேன். பிளாஷ் போடக்கூடாது என்று எழுதியிருந்தது. போட்டாலும் கண்ணாடியில் பட்டு என் மூஞ்சிக்குத்தான் திரும்பி வரும். பதினெட்டு வருடத்தில் பிளாஷ் இல்லாமல் நான் படம் எடுத்ததே இல்லை. ஒரு கையைக் கட்டிவிட்டுச் சமைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

கண்ணாடி முழுக்கப் பிள்ளைகளின் விரல் அடையாளம். அதற்கு மேல் என் சொந்த ஜக்கெட்டின் நிழல். கழுத்தில் கிடந்த கறுப்புச் சால்வையைக் கழற்றி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிவரச் சால்வையால் மூடினேன். ஒரு சின்னப் பிள்ளை என்னை நாய்களைவிட ஆவலாகப் பார்த்தது. பார்க்கட்டும். நிழல் போய்விட்டது.

ஆனால் படம் வரவேண்டுமே! கமரா ஒரு மடைச் சாமான். எதைக் கண்டாலும் அது சாம்பல் நிறம்தான் என்று நினைக்கும். கறுப்பு நாய் சட்டத்தை நிறைத்தால், 'ஐயோ இருட்டாயிருக்கு' என்று தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் சாம்பலாகும், வால் நுனி சுண்ணாம்பாக வெடித்துப்போகும். நான் குறைக்கச் சொல்லிக் குறைக்கச் சொல்லி எடுத்தேன். குறைத்தால் முகம் கறுப்பாக வரும், ஆனால் கண் எங்கே என்று தெரியாது. கறுப்புக்குள் கறுப்பு. அன்றைக்கு எடுத்தவற்றில் தேறியது ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த செவ்வாயும் போனேன்.

அதற்கு அடுத்த செவ்வாயும் போனேன். கணவர், "நாய்க்குச் சம்பளம் குடுக்கிறாங்களோ, உனக்கோ?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சூரியன் இரண்டரைக்கு மரங்களுக்குப் பின்னால் இறங்கும்போது ஒரு பாதி நிலம் கண் கூசும், மற்றப் பாதி இருட்டு. நாய்கள் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு ஒரே ஓட்டத்தில் போகும். என் விரல் அதைத் துரத்தும். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. அவைகளைச் சிரிக்கச் சொல்ல ஏலாது, நாடியைத் தூக்கச் சொல்ல ஏலாது. மற்ற நாய்களுக்கு ஐந்து என்றால் இவைக்கு முன்னங்காலில் நான்கு விரல்தான் என்று ஒரு நாள் எண்ணிக் கண்டுபிடித்தபோது, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

நாய்களைப் பராமரிக்கும் பெண் பழக்கமானதும் அப்படித்தான். என் வயதுதான் இருக்கும், முழங்கால் வரைக்கும் சேற்றுச் சப்பாத்து. என்னைத் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்து கதைத்தாள். அவளை நான் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. ஏன் தும்முகின்றன, சளித் தடிமனா என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்தாள். காட்டில் இவை வேட்டைக்குப் புறப்பட முன் தும்முமாம். நிறையத் தும்மல் விழுந்தால் கூட்டம் எழும்பிப் போகும், போதாவிட்டால் திரும்பப் படுத்துவிடும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் யாராவது வெளிக்கிடும்போது ஒரு தும்மல் விழுந்தால் போதும், என் கணவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் குந்தியிருந்துவிட்டுத்தான் திரும்ப வெளிக்கிடுவார். அவளுக்கு அதைச் சொன்னேன். "அப்படியென்றால் உங்கள் கணவர் இந்தக் கூட்டத்தில் பட்டினிதான்" என்றாள்.

அவள்தான் ஒரு வேலையும் தந்தாள். ஒவ்வொரு நாயின் உடம்புக் கோலமும் வேறு வேறு, இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஆளை அடையாளம் பிடிக்கச் சுவரில் ஒட்ட நல்ல படங்கள் இல்லை. முகமும் இரண்டு பக்கமும் எடுத்துத் தருவீர்களா என்று கேட்டாள். தருவீர்களாவா! தலைகால் தெரியவில்லை எனக்கு. வீட்டில் மகள் வேண்டாம் என்று சொன்ன வேலையை ஒரு வெளியாள் கேட்கிறாள்.

மூன்று கிழமை நின்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து கார்டைச் செருகினேன், நல்லதாகப் பதினைந்து படத்தைத் தெரிந்தெடுத்து, மினுங்கல் தாளில் பெரிதாக அடித்துக்கொண்டு போனேன். கலியாண அல்பம் கொடுக்கும் அதே முகத்தோடு நீட்டினேன்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழகு என்றாள். திரும்ப முதலில் இருந்து பார்த்தாள். பிறகு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். அங்கே ஐந்தும் நின்றன.

"மன்னித்துக்கொள்ளுங்கள். இது யார் என்று எனக்குத் தெரியவில்லை."

நான் எட்டிப் பார்த்தேன். நெற்றியில் ஓடவேண்டிய கறுப்புக் கோடு இல்லை. கன்னத்துப் புள்ளிகளைக் காணவில்லை. மற்றப் படங்களும் அப்படியே. பவுடர் பூசி மாலைக்குக் காத்து நிற்கிற மாதிரி, சாம்பல் வெளுப்பில் ஐந்து மாப்பிள்ளைமார்.

கடவுளே! கலியாண முகம்.

நாயின் முகத்தையும் முகம் என்று பிடித்து, நிழலைத் தூக்கி, புள்ளிகளைத் தோல் வருத்தம் என்று நினைத்து மினுக்கி அனுப்பியிருக்கிறது கம்பியூட்டர். அதை விடுங்கள், அது இயந்திரம். நான் பார்த்தேனே! மூன்று கிழமை அந்த நாய்களின் முகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுத் திரையில் இதைப் பார்த்து 'ஆகா நல்லாயிருக்கு' என்று தெரிந்தெடுத்து அடித்தவள் நான்தானே. என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை.

படங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ட்ரெயினில் ஏறினேன். இது யார் என்று தெரியவில்லை. அதே வசனத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என் அடுப்படியில் கேட்டேன். அப்போது கோபம்தான் வந்தது. இப்போது வெட்கத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கம்பியூட்டருக்கு முன் இருந்து கலியாண முகத்தை அழித்தேன். நாய்ப் படங்களைத் திரும்பத் திறந்தேன். அவை தப்பிவிட்டன. இந்தக் காலத்துக் கமரா எடுத்த மூலத்தை அப்படியே வைத்திருக்கும், மேலே செய்த வேலையைத் துடைத்துவிடலாம். துடைத்தேன். கறுப்புத் திரும்பி வந்தது. கோடு வந்தது, புள்ளிகள் வந்தன. ஐந்தில் ஒருவனுக்குக் காது கிழிந்திருக்கும், அவனின் இடக் கன்னத்தில் ஒரு சின்ன மஞ்சள் தீவு வந்தது.

அப்போது எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. ஹோலில் இருக்கிற படத்தையும் இப்படியே துடைத்து, மகளின் சொந்த முகத்தை அடித்து, அவள் வேலையால் வர முதல் மாட்டி வைக்கலாம்.

அலுமாரியின் அடியில் பழைய டிஸ்க் பெட்டி கிடந்தது. எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். சாமத்திய வீட்டு டிஸ்க் கிடைத்தது. அந்த நாளில் எனக்கு மூலம், பிரதி என்று ஒன்றும் தெரியாது. படத்தைத் திறந்து, முகத்தை வெளுப்பாக்கி, அதே பெயரில் திரும்பப் பதிந்து வைத்திருந்தேன். ஒன்றல்ல, அன்றைக்கு எடுத்த முந்நூற்றுச் சொச்சமும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்தப் பிள்ளைதான், அந்தப் பிள்ளைதான், எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளைதான். பன்னிரண்டு வயதில் சேலை கட்டி நின்ற என் மகளின் முகம் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. எடுத்தவளும் நான், அழித்தவளும் நான். நிலத்தில் டிஸ்குகளுக்கு நடுவில் இருந்து அழுதேன்.

அவள் வந்து வாசலில் நின்றாள். "என்னம்மா? ஆருக்கும் ஏதுமோ?"

"உன்ர படம் ஒண்டும் இல்லையடி பிள்ளை," என்றேன். "நான் எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டன். திருப்பி எடுக்க ஏலாது. பிழை என்னிலதான்."

அவள் பக்கத்தில் இருந்தாள். "பரவாயில்லை" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. டிஸ்குகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் அடுக்கினாள். பிறகு, "அண்டைக்கு அந்தப் படத்தை மாட்டேக்க நான் கண்ணாடியில போய்ப் பாத்தனான், எங்க வித்தியாசம் எண்டு," என்றாள். நான் பெட்டியை மூடி அலுமாரியின் அடியில் தள்ளினேன்.

அடுத்த செவ்வாய் மழை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளும் என்னோடு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் குழம்பிவிடும் என்று பயம். ஒரு சனமும் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்தும் வராமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. மழைக்குப் படம் எடுக்க ஏலாது என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

காது கிழிந்தவன் கண்ணாடிக்குக் கிட்ட வந்தான். முகம் நனைந்திருந்தது. அந்த ஈரத்தில் வானத்தின் வெள்ளை பட்டு, மூக்குத் தண்டில் ஒரு கோடு, கண் இமையில் ஒரு கோடு, கன்னத்து எலும்பில் ஒரு மெல்லிய மினுக்கம். முகம் கறுப்பாகவே இருந்தது. ஆனால் அதன் மேடு பள்ளம் எல்லாம் தெரிந்தது. கண்ணுக்குள் வானம் ஒரு பொட்டாக நின்றது. அட, இவ்வளவுதானா! கறுப்பை வெளுப்பாக்கத் தேவையில்லை. அதற்கு முன்னால் ஒரு வெளிச்சமான சாமானை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும், அது தானாகவே தன்னைக் காட்டும். கமராவை நன்றாகக் குறைத்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினேன்.

மகள் என் தோளுக்கு மேலால் எட்டிக் கமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"என்னையும் இந்த நாய் மாதிரி எடுப்பீங்களோ?"

பெற்ற பிள்ளை தன்னை நாய் மாதிரி என்று சொன்னால் வேறு எந்தத் தாயும் வாயில் போட்டிருப்பாள். நானோ, "ஓமடி," என்றேன். "இப்பிடியே எடுக்கிறன்."

"அப்ப மற்ற ஆளை நிப்பாட்டுறன்."

நாய்ப் படங்களை அந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தேன். பராமரிக்கும் பெண் மேலே இருந்ததைப் பார்த்த உடனேயே யார் என்று சொல்லிவிட்டாள். அவைகளின் பெயர்கள் எனக்கு இன்றைக்கும் வாயில் நுழையாது.

கலியாண எழுத்து, அதுதான் பதிவு, மார்ச்சில். புறப்படுகிற நேரம் பார்த்து எனக்கே ஒரு தும்மல் வந்தது. கணவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். மகள் பட்டுச் சேலையோடு நின்று வேண்டுமென்றே இன்னும் இரண்டு தும்மல் தும்மினாள். "போதும் அப்பா, மூண்டாச்சு, வெளிக்கிடுங்கோ" என்று அவரைக் கதவுக்கு வெளியே தள்ளினாள்.

எழுத்து நடக்கும் கட்டிடத்தில் வடக்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. வெளியே தூறல். பிளாஷைக் காரிலேயே விட்டிருந்தேன். மகளை ஜன்னலுக்கு முன் நிறுத்தினேன். அப்போது, எனக்குத் தெரியும் வரும் என்று, மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து என் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரல் தணிந்தது.

"தங்கச்சி, கோவிக்காதையும். பிள்ளை கொஞ்சம் பொது நிறம்தானே. பாத்து, பிரைட்டா..."

பதினெட்டு வருடமாக ஓம் ஓம் என்று சொன்ன வாய். "ஏலாது அக்கா," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, அறையே திரும்பிப் பார்த்தது.

ஜன்னலடியில் நின்ற மகளுக்கும் கேட்டுவிட்டது. தலையைத் தூக்கிச் சிரித்தாள். ஓடிப்போய் அமத்தினேன். அந்தப் படம்தான் இப்போது ஹோலில், அதே சட்டத்தில் இருக்கிறது. கறுப்பாக இருக்கிறாள். யார் என்று பார்த்த உடனே தெரியும்.